அமுக்கு டீச்சரின் போன்

எங்கள் அண்ணிக்குப் போன் என்றாலே ஆகாது. வீட்டில் மணி அடித்தால், வேறு யாராவது எடுக்கட்டும் என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். வேறு வழியில்லாமல் எடுத்தாலும், எதிரில் பேசுபவர் அடுத்த தெருவில் நிற்பதுபோலக் கத்துவாள். சொல்ல வந்ததில் பாதியைச் சொல்வதற்குள் வைத்தும் விடுவாள். நான் அவளுக்கு நாத்தனார். குறை சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமையை நான் வீணாக்கியதும் கிடையாது.

ஆனால் போன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். காரணம் என் அண்ணன்.

அண்ணன் பேங்கில் விழுந்தான். மகனின் காலேஜ் பணத்தைக் கட்டப் போனவன், டோக்கன் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அப்படியே சரிந்துவிட்டான். அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் பாக்கியில்லாமல் போனை எடுத்தார்கள். ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பேர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். காவலாளி கூட்டத்தை விலக்கினார். ஒரு பெண் பாஸ்புக்கால் விசிறினாள். பக்கத்து நாற்காலிக்காரர், கீழே விழுந்த டோக்கனைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, செய்தி கேட்டு ஓடிவந்த அண்ணியிடம் கொடுத்தார். ஆம்புலன்ஸும் தாமதமில்லாமல்தான் வந்தது. அதில் வந்த ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"யாராவது நெஞ்சுல கை வெச்சு அமுக்குனீங்களா?"

யாரும் அமுக்கவில்லை. அமுக்க வேண்டும் என்பதே அங்கு யாருக்கும் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது. அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். முட்டியில் சிராய்ப்பு வந்தால் பஞ்சால் துடைத்து மருந்து போடுவாள், அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, அண்ணி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு. ஒருத்தர் கையும் அவர் மேல இல்ல."

பிறகு அவள் முதலுதவிப் பயிற்சிக்குப் போனாள். அது முடிந்ததும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதற்கான பயிற்சிக்குப் போனாள். அதுவும் முடிந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, அண்ணன் பெயரில் ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தாள். அவள் தலைவர், அவள் மகன் செயலாளர், நான் பொருளாளர். மிச்சம் இருக்கும் வேலையெல்லாம் என் வீட்டுக்காரர் தலையில். அவருக்குப் பதவி எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பயிற்சிப் பொம்மையைத் தூக்க ஆள் கிடைத்திருக்காது.

டிரஸ்ட் நடக்கும் விதம் எளிது. கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்துத் தங்கள் ஆட்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அந்தக் காசில், காசு கொடுக்க முடியாதவர்களுக்குச் சும்மா வகுப்பு எடுப்போம். காய்கறி மார்க்கெட், தையல் கம்பெனி, வேன் ஓட்டுபவர்கள், முதியோர் இல்லத்து ஆயாக்கள் என்று யாரையும் விட்டதில்லை. வர மாட்டேன் என்று சொன்னவர்களையும் விட்டதில்லை.

ஆபீஸ் என்பது ஒரு டயர் கடையின் மேல்மாடி. வருஷம் முழுவதும் ரப்பர் வாசனை அடிக்கும். மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். படியின் அடியில் டயர்க்கடைக்காரர் பழைய டயர்களை அடுக்கி வைத்திருப்பார். எடுக்கச் சொல்லி நானும், எடுக்கிறேன் என்று அவரும், இருவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தோம். மேலே நீளமான ஒரே அறை. பாய்கள், ஒரு வெள்ளைப் பலகை, முக்கோணத் துணிக்கட்டுகள் நிறைந்த பீரோ, மூன்று பொம்மைகள். பொம்மைகளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. சரியான ஆழத்துக்கு நெஞ்சை அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வரும். வராவிட்டால் அண்ணியின் சத்தம் வரும்.

வெளியூர் வகுப்புக்குப் பொம்மையைப் பஸ்ஸில்தான் கொண்டுபோவோம். ஒருமுறை கண்டக்டர், "இவருக்கு டிக்கெட்?" என்று கேலி செய்தார். அண்ணி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஆளு பாதிதான் இருக்காரு. அரை டிக்கெட் குடுங்க" என்றாள். பஸ் மொத்தமும் சிரித்து அடங்கியது. இறங்குவதற்குள் அந்தக் கண்டக்டரையே குனிய வைத்து, பொம்மை நெஞ்சில் 'டக்' வரவழைத்துவிட்டாள்.

வகுப்பில் அவள் கறாரானவள். "தீக்காயத்துல பேஸ்ட் தடவுனவங்க எல்லாம் எந்திரிங்க" என்பாள். பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். "அது பல்லுக்குப் போடுறது. கையில பல்லு இருந்தா தடவிக்குங்க. இல்லன்னா தண்ணிய ஊத்துங்க" என்பாள். ரத்தம் வந்தால், தொண்டையில் அடைத்தால், வலிப்பு வந்தால் என்று எல்லாம் உண்டு. ஆனால் அவள் உயிர் இருந்தது ஒரே பாடத்தில்தான். கைமேல் கை வைத்து, முழங்கையை மடக்காமல், நெஞ்சின் நடுவில் அமுக்க வேண்டும். எலும்பு உடைந்தாலும் பரவாயில்லை, நிறுத்தக் கூடாது. சோர்ந்தால் அடுத்தவர் கை மாற வேண்டும். இந்தப் பாடத்தைத்தான் திரும்பத் திரும்ப, வேர்த்து ஊற்றும் வரை எடுப்பாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு 'அமுக்கு டீச்சர்' என்று பெயர் வைத்ததும் இதனால்தான். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. வெளியே சொல்ல மாட்டாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதும் பாடத்தில் உண்டுதான். புத்தகத்தில் முதலில் வருவதே அதுதான். ஆனால் அண்ணி அதை ஓட்டிவிடுவாள். "போன் பண்ண யாருக்கும் சொல்லித்தர வேணாம். நம்ம ஜனங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்பது அவள் கட்சி. அதனால் அந்த இடம் வரும்போது, சுவிட்ச் போர்டு மூலையில் நிற்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்காமலேயே விரலை நீட்டி, "நீங்க ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்பாள். அவர் கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயிலும் வைத்துக்கொண்டு ராகமாகச் சொல்வார்.

"பண்ணியாச்சு! வந்துட்டே இருக்காங்க!"

வகுப்பு சிரிக்கும். அடுத்த நிமிஷம் எல்லோர் கையும் பொம்மை மேல் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படித்தான். இரண்டாவது சுற்றிலேயே வகுப்பும் அவரோடு சேர்ந்து ராகம் போட ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. பிளம்பருக்குச் சொன்னீங்களா என்று நான் கேட்டால், "பண்ணியாச்சு, வந்துட்டே இருக்காங்க" என்பார். சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நானே சொல்லிக்கொள்வேன்.

வருஷத்தில் ஒரு நாள் பழைய மாணவர்கள் கூடுவார்கள். கற்றதை மறக்காமல் இருக்க ஒரு சுற்றுப் பயிற்சி, பிறகு டீ, பிஸ்கட், அரட்டை. அந்த வருஷமும் அறை நிறைய ஆட்கள். பள்ளி வேன் ஓட்டும் அம்மா, மார்க்கெட் சுமைக்காரர்கள், ஒரு மில்லின் மேஸ்திரி, ஆயாக்கள். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து மூன்று பொம்மைகளையும் பிஸ்கட் டின்களையும் படியேற்றிவிட்டு, தன் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து, "தண்ணி குடிங்க" என்றேன். "குடிக்கிறேன் குடிக்கிறேன்" என்றார். அண்ணி பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பெஞ்சிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து, நடுப் பொம்மையின் மேல் விழுந்தார்.

சிலர் கைதட்டினார்கள். அண்ணி திடீர்ச் சோதனை வைப்பாள், சில சமயம் அவரையே நோயாளியாகப் படுக்க வைப்பாள். "மாமா இன்னைக்கு நல்லா நடிக்கிறாரு" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணி மட்டும் ஒரே தாவலில் அவரிடம் போனாள். புரட்டிப் போட்டாள். தோளைத் தட்டினாள். வாயருகே காதை வைத்தாள். பொம்மையைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, அவர் நெஞ்சில் கையை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அறை முழுவதும் அடங்கிவிட்டது.

அமுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், விரலை மட்டும் சுவிட்ச் போர்டு மூலைப் பக்கம் நீட்டி, வகுப்பில் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"நீங்க ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!"

அந்த மூலையில் ஆள் இல்லை. ஆள் அவள் கைக்கு அடியில் கிடந்தார். ஆனால் பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் வந்தன. ராகம் இல்லை, சிரிப்பு இல்லை, பயந்த குரல்கள்தான். வார்த்தை மட்டும் அதேதான்.

"பண்ணியாச்சு! வந்துட்டே இருக்காங்க!"

எனக்கு உயிர் வந்தது. மற்றவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். மேஸ்திரி அண்ணிக்கு எதிரே மண்டியிட்டு, எப்போது கை மாற்றலாம் என்று காத்திருந்தார். வேன் ஓட்டும் அம்மா அவருக்குப் பின்னால். அதற்கும் பின்னால் வரிசை. ஒருவரும் அழவில்லை, ஒருவரும் விசிறவில்லை. அண்ணன் விழுந்த இடத்தில் இப்படி ஒரு வரிசை இருந்திருந்தால் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

ஸ்ட்ரெச்சர் மேலே வர வேண்டுமே என்று நான் கீழே ஓடினேன். டயர்க்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே டயரை உருட்டினேன். வருஷக்கணக்கில் எடுக்காத டயர்களை மனிதர் ஒரே மூச்சில் தெருவில் தள்ளினார். தள்ளிவிட்டுக் கேட்டார்: "எந்தப் பக்கமா வராங்க? இந்தப் பக்கம் குழாய்க்காக ரோட்ட வெட்டிப் போட்டிருக்காங்களே. சொல்லியிருக்கீங்கள்ல?"

எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் மேலே ஓடினேன்.

"யாரு போன்ல பேசுனது? ரோடு வெட்டியிருக்குன்னு சொன்னீங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆயா, மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி, வேன்காரம்மாவைப் பார்த்தார். "நான் அவங்க பண்ணிட்டாங்கன்னு..." என்று யாரோ ஆரம்பித்து நிறுத்தினார்கள். அந்த அறையில் எத்தனை போன் இருந்ததோ, ஒன்றையும் யாரும் வெளியே எடுக்கவில்லை. போனை எடுக்கக் கூடாது, கையை வை என்று அவர்களை அப்படிப் பழக்கியிருந்தோம். அண்ணியின் கைகள் நிற்கவில்லை. அமுக்குவதற்கு ஏற்ப அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் நின்றுவிட்டது.

அழைத்தது நான்தான். யாருடைய போன் என்றுகூடத் தெரியாது. "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார்கள். எங்கள் டிரஸ்ட் விலாசத்தைக் கடிதங்களில் நான்தான் எழுதுகிறேன். அது சுத்தமாக நினைவுக்கு வரவில்லை. "டயர் கடை மாடி, டயர் கடை மாடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமைசாலி. எந்த டயர் கடை, பக்கத்தில் என்ன இருக்கிறது, மூச்சு இருக்கிறதா, யாராவது அமுக்குகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். "லைன வெக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் வெக்காதீங்க" என்றாள். நான் வைக்கவில்லை.

ஆறேழு நிமிஷம் வீணாய்ப் போயிருக்கும். வண்டி வந்தது. பெட்டியைத் திறந்து ஷாக் கொடுத்தார்கள். இரண்டாவது முறை கொடுத்தபோது அவர் திரும்பி வந்தார். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது, வந்தவர்களில் பெரியவர் அண்ணியிடம் சொன்னார்: "கை விடாம அமுக்கியிருக்கீங்க, அதனாலதான் ஆளு இருக்காரு. ஆனா ஏம்மா இவ்வளவு லேட்டா கூப்பிட்டீங்க?"

அண்ணி ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் படி இறங்கினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச்சுவர் ஓரமாக நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்தபோதுதான் பேசினாள்: "அவங்க மேல தப்பே இல்ல. நான் சொல்லிக்குடுத்தத அப்படியே செஞ்சாங்க."

எனக்குக் கோபம் இருந்தது. மறைத்துப் பயனில்லை. என் புருஷனை அமுக்கிப் பிழைக்க வைத்ததும் இவள்தான், போனை விளையாட்டாக்கியதும் இவள்தான். இவளைக் கட்டிக்கொள்வதா, இவளிடம் கத்துவதா என்று தெரியாமல் கொஞ்ச நாள் இரண்டும் செய்யாமல் இருந்தேன். அவர் வீட்டுக்கு வந்தார். நெஞ்சில் இரண்டு எலும்பு விரிசல். "உங்க அண்ணிக்கு என் மேல இவ்வளவு நாளா என்ன கோவமோ, ஒரே நாள்ல தீத்துட்டாங்க" என்று இருமிக்கொண்டே சிரித்தார். அவருக்குச் சின்னச் சின்ன விஷயங்கள் மறந்துபோயின. பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்றார்கள். ஆள் இருக்கிறார், அது போதும் என்று நான் என் கோபத்தை மூட்டை கட்டி வைத்தேன்.

அண்ணிக்குத்தான் நிம்மதி இல்லை. ஒரு நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டிரஸ்ட் கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் நாங்கள் நாலு பேர்.

"நம்மகிட்ட படிச்சவங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும்" என்றாள். "நான் தப்பா பழக்கிட்டேன்னு சொல்லணும். மறுபடியும் வரச் சொல்லிச் சரியா சொல்லிக்குடுக்கணும்."

அவள் மகன் எழுந்தே விட்டான். "அம்மா, மாமா பொழைச்சுட்டாரு. இனிமே வர்றவங்களுக்குப் பாடத்த மாத்திக்கலாம். பழைய ஆளுங்களக் கூப்பிட்டு நாமளே சொன்னா மானம் கப்பலேறிடும். எந்தக் கம்பெனி நம்மள உள்ள விடும்? டிரஸ்ட் அப்பா பேர்ல இருக்கும்மா."

"அதனாலதான் சொல்றேன்."

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கம்பெனிகள் கைவிட்டால் மார்க்கெட்டுக்கும் ஆயாக்களுக்கும் வகுப்பு கிடையாது. கடையை மூட வேண்டியதுதான். நான் பொருளாளர், எனக்கு இது தெரியாதா? ஆனால் யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒருத்தி, நம் ஆள் நம் வார்த்தையைச் சொன்னதை நம்பிக்கொண்டு வாசலில் நின்று வண்டிக்குக் காத்திருப்பது என் கண்முன் வந்தது. நான் நின்றவள்.

"அண்ணி சொல்றதுதான் சரி" என்றேன். என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளி, சுவரோரம் இருந்த போனை எடுத்து வந்து அண்ணி முன்னால் வைத்தார்.

போனைக் கண்டால் ஓடுகிற அண்ணி, அன்றிலிருந்து மாதக்கணக்கில் போனும் கையுமாக இருந்தாள். மகன் உதவுகிறேன் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "நான் சொல்லிக்குடுத்தது, நான்தான் சொல்லணும்." பழைய வருகைப் பதிவுகளைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தாள். அதே கத்தல்தான். ஆனால் பாதியில் வைக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர், "அதுக்கென்ன டீச்சர், இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா" என்றார்கள். அவர்களிடம்தான் அதிக நேரம் பேசினாள். ஒரு பெரிய கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அண்ணி அதையும் நன்றி சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடச் சமையல்காரம்மா ஒருத்தி மட்டும் அண்ணி பேசி முடித்ததும் தன் கதையைச் சொன்னாளாம்: "எங்க ஸ்டோர்ல ஒருத்தர் விழுந்தப்ப நானும் அப்படித்தான் சத்தம் போட்டேன் டீச்சர். நான் கை வெச்சேன், அவரு பொழைச்சாரு. ஆனா போன் பண்ணது நாங்க யாரும் இல்ல. காய் இறக்க வந்த லாரிக்காரரு, தானா பண்ணாரு." அன்று அண்ணி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அடுத்த ஆளை அழைத்தாள்.

வந்தவர்களுக்கு எல்லாம் மறுபடி வகுப்பு நடந்தது. புதிய பாடம் இப்படி: விரலைக் காதில் வைக்கும் வேலை கிடையாது. ஒருவர் பெயரைச் சொல்லி, அல்லது சட்டை நிறத்தைச் சொல்லி, போன் பண்ணச் சொல்ல வேண்டும். அவர் நிஜமாகவே போனை எடுத்து, நிஜமாகவே ஓர் எண்ணை அழுத்த வேண்டும். அந்த எண் எங்கள் வீட்டு எண். எடுப்பவர் என் வீட்டுக்காரர்.

பாரம் தூக்க முடியாத மனிதருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. வகுப்பு நாளில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். மறதிக்காக, கேட்க வேண்டிய கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். எங்கே இருக்கிறீர்கள்? என்ன அடையாளம்? என்ன ஆயிற்று? மூச்சு இருக்கிறதா? நெஞ்சில் யாராவது கை வைத்திருக்கிறார்களா? ராகம் போட்ட மனிதரா இவர் என்று எனக்கே சந்தேகம் வரும், அவ்வளவு கறார். "மார்க்கெட் பக்கம்னா எப்படி? மார்க்கெட்டுக்கு நாலு பக்கம் இருக்கு, எந்தப் பக்கம்?" என்று சுமைக்காரர்களை வதைப்பார். எல்லாம் சரியாகச் சொன்ன பிறகும், "லைன வெக்காதீங்க" என்பார். அவர் "இப்ப வெக்கலாம்" என்று சொல்லும்வரை வைக்கக் கூடாது. யாராவது வைத்துவிட்டால் திருப்பி அழைத்துத் திட்டுவார்.

கம்பெனிகள் சில போயின. சில திரும்பி வந்தன. தன் தப்பைத் தானே போன் போட்டுச் சொல்லும் பயிற்சிக்காரியை வேறு எங்கே தேடுவது என்று ஒரு மில் முதலாளி கேட்டாராம். டிரஸ்ட் இளைத்துத்தான் போனது, படுக்கவில்லை.

எல்லோரையும் போன் பண்ண வைத்த அண்ணி, தான் மட்டும் அந்தப் பயிற்சியைச் செய்யவில்லை. மகன்தான் இதைக் கண்டுபிடித்தான். ஒருநாள் வகுப்பு முடிகிற நேரம், எல்லோர் முன்னாலும், "அம்மா, நீங்க மட்டும் இன்னும் பண்ணல" என்று கேலியாகச் சொல்லியிருக்கிறான். வகுப்பும் சேர்ந்துகொண்டு விடவில்லை.

இங்கே வீட்டில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இன்னும் ஒருவர் பாக்கியா என்றபடி அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஆம்புலன்ஸா?" அண்ணியின் குரல். கத்தவில்லை.

அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டார். "ஆமா, சொல்லுங்க. எங்க இருக்கீங்க?"

"பேங்க்ல."

"எந்த பேங்க்? என்ன அடையாளம்?"

அண்ணி தெருவைச் சொன்னாள். எதிரில் பஸ் நிறுத்தம் இருப்பதைச் சொன்னாள். "உள்ள வந்ததும் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துல, நாற்காலிகிட்ட" என்றாள். என் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது.

"என்ன ஆச்சு?"

"என் வீட்டுக்காரர் விழுந்துட்டாரு. டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தாரு."

"மூச்சு இருக்கா?"

"இல்ல."

அடுத்த கேள்வி சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், முடியவில்லை. என் பக்கம் திரும்பினார். விழுந்தவன் என் அண்ணன். நான் எழுந்து போய் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நெஞ்சுல யாராவது கை வெச்சிருக்காங்களா, அண்ணி?"

அந்தப் பக்கம் வகுப்பின் சத்தம்கூட இல்லை.

"வெச்சிருக்கேன்" என்றாள். பிறகு, எனக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று நினைத்தவள்போல, மறுபடியும் சொன்னாள். "நான் வெச்சிருக்கேன்மா."

என் வீட்டுக்காரர் போனை நோக்கிக் குனிந்தார். "விடாதீங்க அக்கா, வந்துட்டே இருக்கோம்" என்றார். இந்த முறை ராகம் போடவில்லை.

எதிர்முனையில் அண்ணி அழுதாள். அண்ணன் செத்த அன்றுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். அவள் போனை வைக்கவில்லை. "இப்ப வெக்கலாம்" என்று சொல்ல வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவர் வெகு நேரம் சொல்லவே இல்லை.